கருங்காலிக் குதிரையின் இரண்டாவது ஆணி

கிழக்கிலங்கையின் பொத்துவில் வீடுகளுக்குள் அறிவியல் புனைகதை அந்தப் பெயரோடு நுழையவில்லை. உம்மம்மாமாரின் ஜின் கதைகளோடும் ஆயிரத்தொரு இரவுகளின் கருங்காலிக் குதிரையோடும் வந்து சேர்ந்தது. அந்தக் குதிரை பறப்பது பொறியால். ஓர் ஆணியைத் திருகினால் மேலே ஏறும். இறக்கும் ஆணி எதுவென்று தெரியாமல் இளவரசன் ஆகாயத்தில் தவிப்பான். சிறுபிள்ளைக்கு ஏறுவது மட்டும் போதும். இரண்டாவது ஆணியைத் தேடத் தொடங்கும்போதுதான் ரசனை வளர்கிறது.

1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் ஏறும் ஆசைக்குத் தீனி போட்டது. மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை மாயாவி மறைவார். உலோகக் கை மட்டும் தெரியும். குப்பி விளக்கில் வாசித்தவர்களுக்கு அந்த மின்சாரமே பாதி மாயம். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. கரையோர வாசகருக்குக் கிடைத்ததே வரிசை. அட்டையில்லாத இதழும், முடிவில்லாத தொடரும் அதில் அடக்கம்.

சுஜாதாவையும் பலர் அப்படித்தான் கண்டடைந்தார்கள். 'என் இனிய இயந்திரா'வில் முதலில் பிடித்துப்போவது ஜீனோ என்ற இயந்திர நாய். அதன் குறும்பில் மயங்கியவர் மறுவாசிப்பில்தான் ஜீவாவைக் கவனிப்பார்: மக்களின் பெயர்நீளத்தையும் ஆயுளையும் அரசு தீர்மானிக்கும் நாடு, அதை ஆளும் தலைவர் ஜீவாவோ வெறும் ஒளிபிம்பம். அடையாள அட்டையைக் காட்டிக் காட்டிச் சோதனைச்சாவடிகளைக் கடந்த தலைமுறைக்கு இது எதிர்காலக் கதையாகவே படவில்லை. சுஜாதாவின் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. பயம் முற்றும் நேரத்தில் ஒரு பகிடி விட்டுத் தப்பித்துக்கொள்வார்.

ஆர்னிகா நாசர் வேகத்துக்காக வாசிக்கப்பட்டார். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு சித்த மருத்துவத்தையும் ரசவாதத்தையும் கருவாக்கி, கருவிகளுக்காக மேற்கைப் பார்த்திருக்கத் தேவையில்லை என்று காட்டியது. ஆனால் என் கணக்கில் பெரிய திறப்பு அதற்கும் நூறாண்டு முந்தியது. வங்காள முஸ்லிம் பெண் ரொக்கையா 1905இல் எழுதிய 'சுல்தானாவின் கனவு' முதலில் அச்சானது சென்னையிலிருந்து வந்த பெண்கள் இதழொன்றில். அதில் பெண்கள் மேகத்திலிருந்து நீர் எடுக்கிறார்கள், சூரிய வெப்பத்தைத் திருப்பிப் படையை விரட்டுகிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள். கருவி யாருடைய கையில் என்பதே கதை. எங்கள் மத்ரஸாக்களிலும் மாதர் சங்கங்களிலும் இது வாசிக்கப்பட வேண்டியது.

ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இதே தீவில் வாழ்ந்தவர், திருகோணமலைக் கடலில் சுழியோடியவர். ஆங்கிலம் என்பதால் நம்மவர்க்குக் கடைசியில் கிடைத்தார். 1979இல் வந்த 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' நாவலில் விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுவதற்காகத் தீவையே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்துகிறார். மலையுச்சியில் மடம், துறவிகள் இடம்கொடுக்க மறுக்கிறார்கள். நிலம் யாருடையது என்ற வழக்கு பழகிப்போன ஊரில், வாசகர் நிமிர்ந்து உட்காரும் இடம் இது. கிளார்க்கோ ஒரு புயலை எழுப்பி, பழைய ஐதிகப்படி வண்ணத்துப்பூச்சிகளை உச்சிக்கு ஏற்றி, துறவிகளைத் தாமாகவே இறங்கவைத்துவிடுகிறார். எந்திரத்தின் ஒவ்வோர் இழையையும் கணக்கிட்டவர், வழக்கை மட்டும் பூச்சிகளிடம் விட்டுவிட்டார்.