எடையும் வயதும் போதுமா?

இலவச எலும்பு முகாம் காவிரி டெல்டா ஊர்களுக்குப் புதிதல்ல. குதிகாலை ஒரு கருவிக்குள் வைத்தால் சில நிமிடங்களில் சீட்டு வந்துவிடும். அதிலுள்ள எண் மைனஸ் 2.5க்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை. கையோடு கால்சியம் மாத்திரை. ஆனால் அந்த எல்லைக்கோடு, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா போன்ற கதிர் அளவீடுகளை வைத்து 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. ஒலியலையால் குதிகாலைப் பார்க்கும் கருவிக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. முகாமில் 'தேறியவர்' நிம்மதியாக வீடு திரும்புவதுதான் எனக்குப் பெரிய கவலை.

டெக்ஸா நம்பகமானது. ஆனாலும் அது பரப்பளவைக் கொண்டே கணக்கிடுகிறது. எலும்பின் ஆழத்தை அறியாது. சிறுகூடான உடம்புக்காரிக்கு உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். ஒப்பிடுவதும் வெள்ளைக்கார இளம்பெண்களின் எலும்போடு. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் மாதவிடாய் நின்ற 150 பெண்களைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு எலும்புப்புரை என்று வந்தது. அதில் கொஞ்சம் அளவுகோலின் கைவரிசையாகவும் இருக்கலாம். ஆனால் பாதிப் பேருக்கு வைட்டமின் டியும் போதவில்லை என்று அதே ஆய்வு சொன்னதால், ஒதுக்கித் தள்ள முடியாது.

அதே 2008இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஃப்ராக்ஸ் என்ற கணிப்பான் வந்தது. வயது, எடை, உயரம், பழைய முறிவு, ஸ்டீராய்டு, புகை, மது எனக் கேட்டு, அடுத்த பத்தாண்டில் எலும்பு முறியும் வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்லும். டெக்ஸா எண் இல்லாமலும் போடலாம். அடர்த்தியை விட்டு முறிவைக் கணித்தது பெரிய முன்னேற்றம்தான்.

அந்தக் கேள்விகளை டெல்டாவின் முத்துப்பேட்டைக்குக் கொண்டுவரும்போதுதான் சிக்கல். பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்ததா என்று கேட்டால், "விழுந்தாங்க, அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல" என்பார்கள். அன்றைக்கு எக்ஸ்ரே எடுத்தவர் யார்? மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் பிரித்துக் கொடுத்த மாத்திரை ஸ்டீராய்டா என்பது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மதுக் கேள்வி இங்கே பெரும்பாலும் வீண். பரவிக் கிடக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயையோ, வரப்பிலும் படகுத்துறையிலும் வழுக்கி விழுவதையோ மூலக் கணக்கு கேட்பதேயில்லை. இந்தியாவுக்கான கணக்குக்கும் சிங்கப்பூர்வாழ் இந்தியரின் முறிவு விவரமே அடிப்படை.

என் ஓட்டு இதைவிட எளிய ஆஸ்டா என்ற கணக்குக்கு. ஆசியப் பெண்களுக்கென்றே 2001இல் வந்தது. கிலோ எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். 65 வயது, 42 கிலோ என்றால் மைனஸ் 4.6. மைனஸ் 4க்குக் கீழே இறங்கினால் ஆபத்து அதிகம். குறை இல்லாமல் இல்லை. ஆதாரில் குத்துமதிப்பாகப் பதிந்த வயது ஐந்தாண்டு பிசகினால் ஒரு புள்ளி மாறிவிடும். பருமனான பெண்ணின் முறிந்த மணிக்கட்டும் இதன் கண்ணில் படாது. அதனால் இரண்டு கேள்விகளைச் சேர்த்தாக வேண்டும்: ஐம்பதுக்குப் பிறகு லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்ததா? உயரம் குறைந்து கூன் விழுந்திருக்கிறதா?

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய, தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களிடமே ஆஸ்டா கணக்கையும் அந்த இரண்டு கேள்விகளையும் ஒப்படைத்தால், யாரை டெக்ஸாவுக்கு அனுப்புவது என்பது தெளிந்துவிடும். சுகாதாரத் துறை இதைச் செய்ய வேண்டும். அதுவரை, மணிக்கட்டு முறிந்த உங்கள் அம்மாவுக்கு மாவுக்கட்டு பிரித்ததோடு விட்டுவிடாதீர்கள். எலும்புப்புரை இருக்கிறதா என்று பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள்.