உலக இசையும் பல்கலைக்கழகமும்: ஒரு சமூகவியல் நோக்கு

இசை உலகப் பொதுமொழி என்பர். எனினும் ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இசைத்துறைகள் நெடுங்காலமாக ஒரு மொழியையே கற்பித்து வந்தன. பாக் முதலாகப் பிராம்ஸ் ஈறாக உள்ளோரின் ஆக்கங்களும், அவற்றினின்றும் வகுக்கப்பட்ட ஒத்திசை இலக்கணமும், ஐங்கோட்டுச் சுரக்குறிப்பும் அங்கே அடைமொழி எதுவுமின்றி 'இசை' என்றே வழங்கின. ஏனைய மக்களின் இசை மானிடவியலுக்கோ கீழைத்தேயவியலுக்கோ உரிய பொருளாகக் கொள்ளப்பட்டது. 1960களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இந்நிலை மாறத் தொடங்கியது. மேலைத்தேய மரபும் பிற மரபுகளும் ஒரே துறையில் பயிலப்படலாயின. இம்மாற்றம் எதனைச் சாதித்தது, எதனைத் தொடாது விட்டது என்பதை மதிப்பிடுதலே ஈண்டு நமது நோக்கமாகும்.

இதன் வேர்களை முதலில் நோக்குதல் தகும். 1885 இல் ஆங்கில அறிஞரான அலெக்சாந்தர் எல்லிஸ் ஒரு ஸ்தாயியை 1200 நுண்கூறுகளாகப் பகுக்கும் அளவையைக் கொண்டு பல நாட்டுச் சுரவரிசைகளை ஒப்பிட்டார். இயற்கை வகுத்தளித்த ஒரே சுரவரிசை என்று ஒன்றில்லை, அவை பலதிறப்பட்டவை, மனிதரால் ஆக்கப்பட்டவை என்பதே அவர் கண்ட முடிபு. ஐரோப்பிய இசையே இயற்கையானது என்ற கருத்துமுதல்வாத நம்பிக்கையை இது அடியோடு அசைத்தது. ஆயின் இத்துறை வளர்ந்ததோ குடியேற்ற ஆதிக்கத்தின் நிழலிலேயாகும். 1950 இல் 'இனஇசையியல்' என்ற பெயரை முன்வைத்த யாப் குன்ஸ்ற், ஒல்லாந்தரின் ஆட்சியில் இருந்த ஜாவாவில் பணியாற்றியபோதே அந்நாட்டு இசையைத் திரட்டியவர்.

அவரிடம் பயின்ற மான்ரில் ஹூட், லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் இத்துறையைக் கட்டியெழுப்பினார். பிறர் இசையை ஆராய்பவன் அதனை வாசிக்கவும் பாடவும் கற்கவேண்டும் என்று 1960 இல் அவர் வலியுறுத்தினார். இருமொழிப் புலமை போன்று இருவகை இசைப்புலமை வேண்டும் என்பது அவர் வாதம். அதுவரை தகவல் தருபவனாக மட்டும் கருதப்பட்ட கலைஞன் இதனால் ஆசிரியனானான். இது முற்போக்கானதொரு படி என்பதில் ஐயமில்லை. ஆயினும் காலப் பின்னணியை மறத்தலாகாது. ஆசிய, ஆபிரிக்க மொழிகளைக் கற்பிக்க அமெரிக்க அரசு பெருநிதி ஒதுக்கியது 1958 ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் வழியாகவே. ஆசியாவை அறிதல் அன்று ஓர் அரசியற் தேவையாகவும் இருந்தது. 1965-66 இல் இந்தோனேசியாவில் இடதுசாரிகள் இலட்சக்கணக்கிற் கொல்லப்பட்டபோது, லெக்ரா இயக்கத்தைச் சேர்ந்த கலைஞர் பலர் மாண்டனர், சிறையுண்டனர். கமெலான் ஒலி அமெரிக்க வகுப்பறைகளில் இடம்பெறத் தொடங்கியிருந்த காலம் அது.

தமிழிசையோடு நேரடித் தொடர்புடையது கனெற்றிக்கற் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகமாகும். ஹூட்டிடம் பயின்ற றொபேட் பிரௌண் அங்கு 'உலக இசை' என்ற தொடரை வழக்கிற் கொண்டுவந்தார். மிருதங்கக் கலைஞர் ரி. ரங்கநாதன் 1963 இல் அங்கு ஆசிரியரானார். அவருடைய தமக்கை பாலசரஸ்வதியும் 1960களில் அங்கு கற்பித்தார். தம்பியாகிய புல்லாங்குழற் கலைஞர் ரி. விஸ்வநாதன் 1975 முதல் 2002 இல் இறக்கும்வரை அங்கு பணிபுரிந்தார். மூவரும் வீணை தனம்மாளின் பேரர். இசையையும் ஆடலையும் குலத்தொழிலாகக் கொண்ட சமூகத்தினர்.

1928 இல் சென்னை சங்கீத வித்வத் சபை நிறுவப்பட்டதும், 1947 இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதும் ஒரே சமூக மாற்றத்தின் இரு முகங்களாகும். நிலமானிய ஆதரவு சிதைந்த நிலையில், இக்கலைகள் நகர்ப்புற உயர்சாதி மத்தியதர வர்க்கத்தின் உடைமையாகின. அச்சபை பாலசரஸ்வதிக்கு மேடை அளித்தது, 1973 இல் சங்கீத கலாநிதிப் பட்டமும் வழங்கியது. எனினும் கலையின் தகைமையை நிர்ணயிக்கும் அதிகாரம், தலைமுறை தலைமுறையாக அதனைப் பேணியோரிடம் மீளவில்லை. இந்நிலையில் அக்குடும்பத்தினரின் அறிவைப் பல்கலைக்கழக அறிவாகவே ஏற்றமை வெஸ்லியனின் மெய்யான சாதனை.

அங்கு பயின்ற ஜோன் ஹிகின்ஸ் 1965 இல் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையிற் பாடி, 'பாகவதர்' எனப் போற்றப்பட்டார். இசையாற்றல் இரத்தத்தில் ஊறுவது என்ற பிறப்புவாதத்தை அவர் குரல் பொய்யாக்கியது. ஆயின் மற்றொரு வேறுபாட்டையும் நாம் கவனித்தல் வேண்டும். மாணவருக்குத் தெரிவாக அமைந்த கலை, ஆசிரியரின் முன்னோருக்குப் பிழைப்பாகவும் சாதிவிதியாகவும் இருந்தது. இராகத்தையும் தாளத்தையும் கற்பிக்கும் பாடத்திட்டம் இவ்வரலாற்றை விலக்குமாயின், அது உழைப்பை மறைத்து விளைபொருளை மட்டுமே கையளிப்பதாகும்.

இவ்வகைக் கல்வியின் அடிப்படைக் குறைபாடும் இங்கேதான் உள்ளது. 'உலக இசை' என்ற பெயரே மேற்கை உலகிற்கு வெளியே, உலகை அளக்கும் இடத்தில் நிறுத்துகிறது. ஒத்திசை இலக்கணம் யாவருக்கும் பொதுவான 'கோட்பாடு' ஆகவும், இராகமும் கமெலானும் விருப்புக்குரிய 'செய்முறை' ஆகவும் அமையும் துறைகள் பல. கமகத்தை ஐங்கோட்டில் எழுத முற்படும் மாணவன், அது அங்கு அடங்காமையைக் கமகத்தின் சிக்கலாகக் கொள்கிறானே அன்றிக் குறிப்புமுறையின் எல்லையாகக் கொள்வதில்லை. சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை தாங்கிய விஸ்வநாதன், 1975 இல் இராக ஆலாபனை பற்றிய ஆய்வேட்டினை வெஸ்லியனிற் சமர்ப்பித்துக் கலாநிதியானார். மரபுக் கலைஞர் தம் கலையைத் தாமே கோட்பாடாக்கினார் என்பது இதன் பெருமை. அக்கோட்பாடு அமெரிக்கப் பட்டத்தின் வடிவிலே அரங்கேறியது என்பது இதன் முரண்பாடு.

தெரிவிலும் ஒரு வர்க்கச் சார்பு உண்டு. ஜாவாவின் அரண்மனை இசையும் சென்னையின் கச்சேரி மரபும் எளிதில் இடம்பெற்றன. பறையும் கூத்துப்பாட்டும் அவ்வாறு இடம்பெறவில்லை. 1987 இல் இலண்டனில் இசைத்தட்டு நிறுவனத்தினர் கூடி, 'உலக இசை' என்ற தொடரை விற்பனைப் பெயராக்கியபோது, வகுப்பறையிற் பிறந்த சொல் சந்தையின் அலுமாரிப் பலகைக்கு வந்து சேர்ந்தது.

இதனால் இவ்விசைக் கல்வி வேண்டாததென நாம் கூறவில்லை. ஒரு மரபையே இசையென மயங்கும் பழைய கல்வியிலும் இது மேலானது. ஆனால் ஒலிகளை அருகருகே வைப்பது சமத்துவமாகிவிடாது. எல்லிஸ் கண்ட உண்மையின்படி, மேலைத்தேய இசையும் பல மரபுகளுள் ஒன்றாகவே கற்பிக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு மரபின் இலக்கணமும் கோட்பாடு என்ற தகுதி பெறல் வேண்டும். அவ்விசையை ஆக்கிய மக்களின் உழைப்பும் இழப்பும் பாடத்தின் பகுதியாதல் வேண்டும். யாருடைய இசை கற்பிக்கப்படுகிறது என்ற வினாவோடு, அதனை மதிப்பிடும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்ற வினாவும் எழும்போதே பல்கலைக்கழகத்தில் இசைகளின் சமத்துவம் தொடங்கும்.