காட்கோலாத் தோட்ட மாளிகை: ஒரு வணிகன் பார்வை

முர்ஷிதாபாத் போகிற நம்மவர்கள் நவாபின் ஹசார்துவாரியைப் பார்த்த கையோடு ரயிலேறிவிடுகிறார்கள். வடக்கே சில மைல் தள்ளி, லட்சுமிபத் சிங் துகர் என்ற ஓசுவால் சமணச் செல்வர் எழுப்பிய காட்கோலாத் தோட்டத்தை ஆற அமரப் பார்ப்பவர் குறைவு. காட்கோலா என்றால் வங்காளத்தில் மரக்கிடங்கு. பேர் என்னவோ நம்ம கடைவீதிப் பேர்தான். உள்ளே போனால் அரண்மனை!

முகப்பைச் சும்மா சொல்லக்கூடாது. எதிரே குளம், உயர்ந்த தூண்கள், மாடி மேல் மாடி. ஆனாலும் அது இரவல் அழகு. 1837இல் கம்பெனிப் பொறியாளர் மெக்லியோட் முடித்த ஹசார்துவாரியே ஐரோப்பியச் சாயல். செல்வர் வீடுகள் அதையே பின்பற்றின. தோட்டத்தில் மைக்கேலாஞ்சலோவுக்கும் ஒரு பளிங்குச் சிலை. துகர் வீட்டுப் பேரேட்டில் அவருக்கு என்ன பற்று என்று எனக்கு விளங்கவில்லை. இவர்களைப் போன்ற லேவாதேவிக் குடும்பங்களின் பணம் 1793 நிரந்தர நிலவரித் திட்டத்துக்குப் பின் ஜமீனாக மாறியது. அந்தப் பளிங்குக்குப் பின்னால் குத்தகை கட்டிய குடியானவனுக்கு மட்டும் அங்கே சிலை இல்லை.

என் கால் நின்றது படிக்கிணற்றருகே. ராஜஸ்தானத்து வறண்ட மண்ணுக்குப் படி இறங்கும் கிணறு அவசியம். பாகீரதிக் கரையில், கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும் ஊரில், அது எதற்கு? மூதாதையர் ஊரை மறக்காததற்குத்தான். வெளியூரில் வீடு கட்டித் திண்ணை வைக்க ஆசைப்படும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மாளிகையில் யாரையும் பார்த்து எழுதாத வரி அது ஒன்றே என்பேன்.

வழிகாட்டிகளோ சுரங்கத்தைத்தான் காட்டுகிறார்கள். ஜகத் சேட் வீட்டுக்குப் போகும் ரகசிய வழியாம்! ஜகத் சேட் மஹ்தாப் சந்த் மீர் காசிமால் கொல்லப்பட்டது 1763இல். இங்குள்ள ஆதிநாதர் கோயில் எழுந்ததோ 1873இல். நூறு வருஷத்துக் கணக்கு உதைக்கிறதே ஐயா!

அந்தக் கோயிலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். சுவேதாம்பர மரபு, அணிகலன் இல்லாத திருமேனியை வணங்கிப் பழகிய தமிழ்ச் சமணனுக்குச் சற்றுப் புதிது. ஆனாலும் ஆதிபகவன் ஒருவரே.

வாசல் பக்கம் துகர் சகோதரர்கள் குதிரைமேல் சிலையாக நிற்கிறார்கள். அவர்களில் தனபத் சிங், கைப்பிரதியாகவே கிடந்த சமண ஆகமங்களைச் சொந்தச் செலவில் அச்சேற்றியவர். கறுப்பு ரோஜாக் கதையைக் கால் மணி நேரம் சொன்ன வழிகாட்டி இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நான் கேட்டேன். "அதெல்லாம் தெரியாது பாபு" என்று அடுத்த கூட்டத்தைச் சுரங்கத்துக்கு அழைத்துப் போய்விட்டார்.