மரகத நகரும் பச்சைக் கண்ணாடியும்: மிகைக்கற்பனை நாவலொன்று திரைப்படமானமை பற்றிய சில சிந்தனைகள்

நாவலொன்று திரைப்படமாக்கப்படும்பொழுது எழும் விமர்சனங்கள் பெரும்பாலும், நெறியாளர் மூலத்துக்கு விசுவாசமாக இருந்தாரா என்னும் வினாவுடனேயே நின்றுவிடுகின்றன. எது விடப்பட்டது, எது சேர்க்கப்பட்டது எனப் பட்டியலிடுதல் விமர்சனத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. விடப்பட்டவற்றுக்கும் சேர்க்கப்பட்டவற்றுக்கும் இடையே ஓர் ஒழுங்கு காணப்படுமாயின், அவ்வொழுங்கு எத்தகைய சமூகத் தேவையிலிருந்து பிறந்தது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும். மிகைக்கற்பனை நாவலைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. யதார்த்த நாவல் உள்ள உலகை விவரிக்கின்றது. மிகைக்கற்பனை நாவலோ இல்லாத உலகொன்றைப் படைத்து, அதன்வழி உள்ள உலகின் குறையைச் சுட்டுகின்றது. எனவே, அந்த இல்லாத உலகைத் திரையில் எவ்வாறு காட்டுவது என்பது தொழினுட்பப் பிரச்சினை மாத்திரமன்று, கருத்துநிலைப் பிரச்சினையுமாகும்.

இதனை விளக்குதற்கு, பிராங் போம் எழுதி 1900 ஆம் ஆண்டில் சிக்காகோவில் வெளிவந்த 'ஒஸ் நாட்டின் அதிசய மந்திரவாதி' என்னும் நாவலையும், எம்.ஜி.எம். நிறுவனம் 1939 இல் வெளியிட்ட அதன் திரைவடிவத்தையும் எடுத்துக்கொள்வோம். இந்நாவல் 1902 இலேயே மேடையேறியது. 1910 இலும் 1925 இலும் ஊமைப்படமாகியது. ஆயினும் 1939 ஆம் ஆண்டுப் படமே இன்று உலகெங்கும் 'மூலம்' போலக் கருதப்படுகின்றது.

நாவல் தோன்றிய சூழலை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். 1890களில் அமெரிக்க மத்திய மேற்கின் சிறுவிவசாயிகள் வறட்சியாலும், வங்கிக் கடனாலும், புகையிரத நிறுவனங்களின் கட்டணச் சுமையாலும் நலிவுற்று, அரசியல் இயக்கமாகவும் திரண்டனர். 1888 முதல் 1891 வரை டகோட்டாப் பிரதேசத்தில் வாழ்ந்த போம், அங்கு கடை நடத்தித் தோல்வியுற்றவர்; பின்னர் பத்திரிகை நடத்தியவர். அப்பத்திரிகையிலேயே அமெரிக்கப் பூர்வீகக் குடிகளை அடியோடு அழிக்கவேண்டும் என ஆசிரியத் தலையங்கம் எழுதியவரும் அவரே. கடனின் கொடுமையை உணர்ந்த அதே மனம், நிலம் பறிக்கப்பட்டோரின் துயரை உணர மறுத்தது. குட்டி பூர்ஷ்வாப் பிரக்ஞையின் இம்முரண்பாட்டை மறைத்துவிட்டு அவரை முற்போக்காளராகப் போற்றுதல் எமக்கு உடன்பாடன்று.

ஹென்றி லிட்டில்பீல்ட் 1964 இல் எழுதிய கட்டுரையொன்று, மஞ்சட் கற்பாதை பொன் நாணயத்தையும் டொரதியின் வெள்ளிச் சப்பாத்துக்கள் வெள்ளி நாணயக் கோரிக்கையையும் குறிப்பன என விளக்கிற்று. பின்வந்தோர் பலர் இதனை மறுத்துள்ளனர். பாத்திரத்துக்கு ஒரு பொருள் என ஒட்டவைக்கும் இம்முறை இலக்கியத்தை விடுகதையாக்கிவிடும் என்பதே எமது கருத்துமாகும். சமூகம் நாவலுள் குறியீட்டுப் பட்டியலாக நுழைவதில்லை. கதையின் அமைப்பாகவே நுழைகின்றது.

தகர மனிதனின் வரலாறு இதற்குத் தக்க சான்று. நாவலில் அவன் ஒரு விறகுவெட்டி. காதலித்த பெண்ணை மணப்பதற்காக, வீடு கட்டப் பொருள் தேடிக் கடுமையாக உழைக்கின்றான். அப்பெண்ணின் வேலையை இழக்க விரும்பாத சோம்பேறிக் கிழவியொருத்தி சூனியக்காரியை நாட, அவள் கோடரிக்கு மந்திரமிடுகின்றாள். கோடரி அவனது அங்கங்களை ஒவ்வொன்றாகத் துண்டிக்கின்றது. ஒவ்வொன்றும் தகரத்தால் ஈடுசெய்யப்படுகின்றது. ஈற்றில் இதயமும் போய்விடுகின்றது. அதனுடன் காதலும் போய்விடுகின்றது. உழைப்பின் கருவியே உழைப்பாளியைத் தின்று அவனை இயந்திரமாக்கும் இக்கதையினும் தெளிவாக, அந்நியமாதலைச் சிறுவர்க்குச் சொல்லிவிட முடியாது. திரைப்படத்திலோ, அவனைச் செய்த கொல்லன் இதயம் வைக்க மறந்துவிட்டான் என்பதுடன் விடயம் முடிகின்றது. வரலாறு உற்பத்திக் குறைபாடாகச் சுருங்கிவிடுகின்றது. பறக்கும் குரங்குகளுக்கும் இதுவே நேர்ந்தது. அவை ஒருகாலத்தில் சுதந்திரமாக வாழ்ந்து, பின்னர் பொற்குல்லாவுக்கு அடிமையான கதை படத்தில் இல்லை. எஞ்சியிருப்பது அச்சுறுத்தும் தோற்றம் மாத்திரமே.

இவற்றினும் முக்கியமானது மரகத நகரம். நாவலில் அந்நகர் உண்மையில் முழுப்பச்சை அன்று. வாயிற்காவலன் உட்செல்வோர் அனைவருக்கும் பச்சைக் கண்ணாடி அணிவித்துப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்கின்றான். நெடுங்காலம் அதனூடு பார்த்துப் பழகிய மக்கள் நகரே பச்சையென நம்புகின்றனர். நகரைவிட்டு வெளியேறிய டொரதி, பச்சையாகத் தோன்றிய தன் சட்டை வெண்ணிறமாக இருப்பதைக் கண்டு வியக்கின்றாள். ஆளும் கருத்துநிலை செயற்படும் விதத்தை இதனினும் எளிமையாகக் காட்டுதல் அரிது. திரைப்படத்தில் இக்கண்ணாடி இல்லை. நகர் மெய்யாகவே பச்சை. இது தற்செயலன்று. டெக்னிகலரின் வண்ணமே படத்தின் பிரதான விற்பனைப் பொருளாக இருக்கையில், வண்ணம் பொய்யெனக் கூறும் கதையை அது எவ்வாறு தாங்கும்? நாவல் பாத்திரங்களுக்கு அணிவித்த கண்ணாடியைத் திரைப்படம் பார்வையாளருக்கு அணிவித்துவிட்டது எனலாம்.

முடிவில் நிகழ்ந்த மாற்றம் யாவற்றிலும் பாரதூரமானது. நாவலில் ஒஸ் மெய்யான நாடு. டொரதி அங்கு சென்றாள், திரும்பிவந்தாள். சூறாவளி கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக மாமா புதுவீடு கட்டியிருக்கின்றார். படத்திலோ யாவும் அடிபட்ட தலையிற் தோன்றிய கனவு. மிஸ் கல்ச் என்னும் நிலவுடைமைக்காரியைப் படமே புதிதாகப் புகுத்துகின்றது. மாவட்டத்தின் பாதி நிலத்துக்கு உரியவளான அவள், சட்டத்தின் துணையுடன் நாயைப் பறிக்கின்றாள். கனவில் சூனியக்காரி உருகி இறக்கின்றாள்; விழித்தபின் கல்ச்சின் நிலமும் அதிகாரமும் என்னவாயின என்று யாரும் கேட்பதில்லை. வீடே சிறந்தது என்ற ஆறுதலுடன் படம் நிறைவுறுகின்றது. பகற்கனவுக்கும் இராக்கனவுக்கும் வேறுபாடு கண்ட ஏர்ண்ஸ்ட் புளொக், இன்னும் வராததை நோக்கி முன்செல்லும் தன்மையைப் பகற்கனவுக்கே உரியதாக்கினார். போமின் பகற்கனவை ஹொலிவூட் இராக்கனவாக்கிற்று.

போம் அதே வரிசையில் 1910 இல் எழுதிய நாவலை இதனுடன் ஒப்பிடுதல் தகும். வங்கிக் கடனைத் தீர்க்கவியலாத மாமாவும் மாமியும் பண்ணையை இழக்கும் நிலையில், டொரதி அவர்களை ஒஸ் நாட்டுக்கே அழைத்துச் செல்கின்றாள். அங்கு பணம் இல்லை, ஏழை இல்லை, விளைந்தது பகிரப்படுகின்றது. அரசியொருத்தியின் கருணையில் தங்கிய பொதுவுடைமை அது என்பதால் அதன் எல்லை வெளிப்படையானது. எனினும் 'வீடு' என்பதை வங்கி பறிக்கக்கூடும் என்னும் உண்மையை போம் அறிந்திருந்தார். பெருமந்தத்தில் இலட்சக்கணக்கானோர் வீடிழந்த தசாப்தத்தின் இறுதியில் வெளிவந்த படம் அதனைச் சொல்லவில்லை.

இதனால் படத்தை முற்றாக ஒதுக்குதல் இயந்திரப்பாங்கான பார்வையாகும். பாடலாசிரியர் ஹார்பர்க் 1932 இல் வேலையற்றோரின் குரலாக ஒலித்த பாடலை எழுதியவர்; 1950களில் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றவர். நாவலில் மந்திரவாதி வைக்கோல் மனிதனின் தலையில் தவிட்டையும் ஊசிகளையும் திணிக்கின்றான். படத்தில் பட்டச் சான்றிதழ் வழங்குகின்றான். பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நாம் அந்த அங்கதம் நாவலினும் கூரியது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். கலைத்தொழிற்சாலையினுள்ளும் முரண்பாடுகள் வாழ்கின்றன.

இறுதியாக ஒன்று. திரைக்கதையில் வெள்ளிச் சப்பாத்துக்கள் மாணிக்கச் சிவப்பாக மாற்றப்பட்டன. வண்ணத்திரையில் வெள்ளி எடுபடாது என்பதே காரணம். நாவலின் பதிப்புரிமை 1956 இல் காலாவதியாயிற்று. வெள்ளிச் சப்பாத்து இன்று பொதுச்சொத்து. மாணிக்கச் சப்பாத்தோ கம்பனிச்சொத்தாயிற்று. 1985 இல் டிஸ்னி நிறுவனம் தனது ஒஸ் படத்தில் அதனைப் பயன்படுத்துவதற்கு உரிமை பெறவேண்டியிருந்தது. மக்கள் கற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட பொருள், நிறம் மாற்றப்பட்டதும் தனியுடைமையாகிவிட்டது. மிகைக்கற்பனை நாவல் திரைக்கு வரும்போதெல்லாம், அது எத்துணை பிரமாண்டமாக வந்தது என்பதன்று, அந்த இல்லாத உலகம் வந்தபின் யாருக்கு உரியதாயிற்று என்பதே விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வியாகும்.