வண்ணம் ஏற்றிய மீரா

பழைய ஹாலிவுட் நட்சத்திரங்களின் ஸ்டூடியோ படங்களுக்குக் கணினியில் வண்ணம் ஏற்றுவது இப்போது தனி மோகம். ஜொகூர் பாருவில் எங்கள் வாட்சப் குழுவுக்குக் காலை வணக்கத்தோடு வருவது அவைதான். கிரெட்டா கார்போ, ஜீன் ஹார்லோ, அடுத்து நம்ம எம்.எஸ்., ‘மீரா’ வேடத்தில். “உயிரோட நிக்கிற மாதிரியே இருக்குல்ல?” என்றார் ஓர் அண்ணன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பழைய படத்தைத் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அவையெல்லாம் ஏற்கெனவே தொடப்பட்டவைதான். 1930களில் ஜார்ஜ் ஹரல் எடுத்த ஜோன் கிராஃபோர்டின் படங்களில், அவர் முகத்துப் புள்ளிகளை நெகட்டிவிலேயே பென்சிலால் மறைத்தார்கள். கறுப்பு வெள்ளையில் அந்த வழவழப்பை நம் கண் வெளிச்சமாக எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் இளஞ்சிவப்பை ஏற்றிவிட்டால் அது தோலாகியாக வேண்டும். துளையில்லாத, சுருக்கமில்லாத தோல். அப்புறம் என்ன, பிளாஸ்டிக் பொம்மைதான்.

எம்.எஸ். படத்தில் இழப்பு இன்னும் பெரிது. 1945இல் வெளிவந்த ‘மீரா’வை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன், கலிபோர்னியாவில் சினிமா படித்துவிட்டு வந்த அமெரிக்கர். எம்.எஸ்ஸின் முகத்தைச் சிலையாகச் செய்யவைத்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு சேர்ந்து அதன்மேல் விளக்குகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவர். எந்தக் கோணத்தில் எவ்வளவு நிழல் விழ வேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்கப்பட்ட முகம் அது. வண்ணப் படத்திலோ அந்த நிழல் கன்னத்தில் அப்பிய அழுக்கு மாதிரி நிற்கிறது. இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தையும் கூட்டியிருக்கிறார்கள். அந்த இருட்டுக்காகத்தானே அத்தனை பாடு!

இன்னொன்று, நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது சாம்பலின் அளவு மட்டும்தான். சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாக விழலாம். மாநிறமா, கறுப்பா, வெளுப்பா என்பதை மென்பொருள் ஊகிக்கத்தான் வேண்டும். எனக்கு வந்த படங்களில் அந்த ஊகம் வெளுப்பின் பக்கமே சாய்கிறது. சேலைக்கும் அதே கதி. ‘எம்.எஸ். நீலம்’ என்று ஒரு நிறத்துக்கே பெயர் வாங்கித் தந்தவருக்கு மங்கிய பழுப்பைச் சுற்றிவிடுகிறார்கள்.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் கல்யாணப் படங்களுக்குக் கையால் சாயம் தீட்டித் தந்தார்களே, அது எனக்குப் பிடிக்கும். எங்கள் வீட்டில் பாட்டியின் படம் அப்படி ஒன்று. சேலைக்குப் பச்சை, நகைக்கு மஞ்சள், உதட்டில் துளி சிவப்பு. முகத்தைச் சாம்பலாகவே விட்டிருந்தார்கள். தீட்டியவர் தூரிகையை எடுக்கும் முன் சேலை என்ன நிறம் என்று தாத்தாவிடம் கேட்டுக்கொண்டாராம்.