திணையும் சூழல்மண்டலமும்: ஓர் ஒப்பீட்டின் எல்லையும் பயனும்

முன்னுரை

சங்க இலக்கியத்தைச் சூழலியல் நோக்கில் அணுகும் ஆய்வுகள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. கருத்தரங்கத் தொகுப்புகளைப் புரட்டுவோர் அவற்றுள் ஒரு கருத்து மீண்டும் மீண்டும் இடம்பெறுவதைக் காண்பர். ஐந்திணை என்பது ஐந்து சூழல்மண்டலங்களே என்பதும், இன்றைய அறிவியல் கூறுவதைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே கண்டனர் என்பதும் அக்கருத்தாகும். இதனை நிறுவ ஓர் அட்டவணை தரப்படும். ஒருபுறம் நிலமும் பொழுதும், மறுபுறம் விலங்கும் பறவையும் மரமும் பூவும் நிரல்படுத்தப்படும். நிரல் முடிந்தவுடன் கட்டுரையும் முடிந்துவிடும்.

இவ்வொப்பீடு எந்த அளவுக்குப் பொருந்துகிறது, எவ்விடத்தில் தளர்கிறது, தளருமிடத்தில் ஆய்வாளர் செய்யத்தக்கது யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. ஒப்பீட்டை மறுப்பது இதன் நோக்கமன்று. அதனைச் செம்மைப்படுத்துவதே நோக்கம்.

சூழல்மண்டலம் எனும் கருத்து

சூழலியல் என்னும் துறைக்கு ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் பெயரிட்டார். இல்லம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அப்பெயரின் வேர். சூழல்மண்டலம் என்னும் கலைச்சொல் 1935இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஏ.ஜி. டான்ஸ்லியின் கட்டுரை ஒன்றில் அச்சேறியது. தாவரக் குழுமத்தை ஒரு தனி உயிரி போலக் கருதும் கொள்கை அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. டான்ஸ்லி அதனை மறுத்து, உயிரினங்களையும் மண், நீர், தட்பவெப்பம் முதலிய உயிரற்ற காரணிகளையும் ஒருங்கே கொண்ட ஓர் இயங்கமைப்பாக இயற்கையைக் காணவேண்டும் என்றார்.

இதற்கு முன்னரே, 1927இல், சார்லஸ் எல்டன் உணவுச் சங்கிலி, உயிரின எண்ணிக்கைக் கூம்பு ஆகியவற்றை விளக்கியிருந்தார். 1942இல் ரேமண்ட் லிண்டமன், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஏரி ஒன்றை ஆராய்ந்து, உணவுறவை ஆற்றலின் ஓட்டமாகக் காட்டினார். பசுந்தாவரம் கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு ஆக்குகிறது. தாவர உண்ணி அதனை உண்கிறது. ஊனுண்ணி அதனைக் கொல்கிறது. ஒவ்வொரு படியிலும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகக் கழிந்து, தோராயமாகப் பத்தில் ஒரு பங்கே மேற்படிக்குச் செல்கிறது. ஒரு காட்டில் மான்கள் பலவாகவும் புலிகள் சிலவாகவும் இருப்பதன் காரணம் இதுவே. இறந்தவற்றை நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் சிதைத்து மண்ணுக்கு மீட்டுத் தருகின்றன. ஆற்றல் ஒருவழியாக ஓடிக் கழிகிறது, ஊட்டப்பொருள்கள் சுழல்கின்றன.

எனவே, சூழல்மண்டலம் என்பது உயிரினங்களின் பட்டியலன்று. அவற்றிடையே நிகழும் உறவுகளின் தொகுதி. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் அடிப்படையாகும்.

ஒப்புமை தோன்றும் இடம்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அவற்றைச் சார்ந்து தோன்றுவன கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். நிலமும் பொழுதும் உயிரற்ற காரணிகளாகவும், விலங்கும் புள்ளும் மரமும் உயிருள்ள கூறுகளாகவும் கொள்ளப்படும்பொழுது டான்ஸ்லியின் வரையறையோடு ஓர் ஒப்புமை தோன்றுவது இயல்பே. பெரும்பொழுது, சிறுபொழுது என்ற பகுப்பும் கருதத்தக்கது. பருவமும் நாளின் கூறும் உயிர்களின் செயற்பாட்டை வரையறுக்கின்றன என்பது இன்றைய அறிவியலுக்கும் உடன்பாடானது.

திணையை வெறும் நிலப்பகுப்பாகக் கொள்ளாது, மாந்தர், இயற்கை, தெய்வம் ஆகியவை ஒருங்கு வாழும் இல்லமாக விளக்கி, அதனைச் சூழலியல் திறனாய்வோடு இணைத்தவர்களுள் நிர்மல் செல்வமணி குறிப்பிடத்தக்கவர். இவ்விளக்கம் அட்டவணை ஆய்வினின்றும் வேறானது. இது திணையைத் திணையாகவே நிறுத்தி அதன் உள்ளுறவுகளை வினவுகிறது. பின்வந்த கட்டுரைகள் பல இவ்வினாவை விட்டுவிட்டு ஒப்புமையை மட்டும் எடுத்துக்கொண்டன என்பதே குறை.

ஒப்புமை தளரும் இடம்

முதலாவதாக, கருப்பொருளுள் பறையும் யாழும் தெய்வமும் அடங்கும். இவை உயிரியல் கூறுகளல்ல. இவற்றை நீக்கிவிட்டு எஞ்சியவற்றைச் சூழல்மண்டலம் என்பது தொல்காப்பியத்திற்கும் நேர்மையாகாது, அறிவியலுக்கும் நேர்மையாகாது.

இரண்டாவதாக, திணை என்பது செய்யுள் யாக்கும் நெறி. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிற நிலத்தோடு வந்து மயங்குவதற்குத் தொல்காப்பியம் இடந்தருகிறது. இதனை இரு சூழல்மண்டலங்கள் கலக்கும் விளிம்பு நிலம் பற்றிய அறிவாகக் காட்டுவோர் உளர். அவ்விதி புலவனுக்குத் தரப்பட்ட உரிமை. நிலத்தைப் பற்றிய முடிபன்று.

மூன்றாவதாக, ஆற்றலின் ஓட்டம், ஊட்டப்பொருளின் சுழற்சி, கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களின் பணி ஆகியவை திணைக் கோட்பாட்டில் இல்லை. இது குறையன்று. அளவைகளும் கருவிகளும் தோன்றிய பின்னரே கூடிய அறிவினைப் பண்டைப் புலவரிடம் தேடுவது அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. பிணந்தின்னிப் புட்கள் மட்டும் பாடல்களில் இடம்பெறுகின்றன. பாலை வழியில் ஆறலைகள்வரால் வீழ்ந்தோரின் உடலை எருவையும் பருந்தும் உண்பது அகநானூற்றில் பலவிடத்தும் காணப்படும் காட்சி.

பட்டியல் போதாது என்பதற்கு இந்தியச் சான்றுகள் இரண்டு. இராசத்தானின் பரத்பூர் பறவைகள் புகலிடத்தில் 1982இல் கால்நடை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. பறவைகளைக் காப்பதே நோக்கம். ஆயின் எருமைகள் மேய்ந்து கட்டுக்குள் வைத்திருந்த நீர்ப்புல் பெருகிப் பரவித் திறந்த நீர்ப்பரப்பைக் குறைத்தது. நீர்ப்பறவைகளுக்கு அதனால் கேடு நேர்ந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நெடுங்கால ஆய்வு இவ்வுறவை வெளிப்படுத்திற்று. எருமையும் பறவையும் ஒரே பட்டியலில் அருகருகே இருந்தன. அவற்றிடையே இருந்த உறவோ பட்டியலில் இல்லை.

மற்றொன்று பிணந்தின்னிக் கழுகின் அழிவு. 1990களில் இந்தியாவெங்கும் இக்கழுகுகள் விரைந்து குறைந்தன. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்து, அவற்றின் பிணத்தை உண்ட கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது என்பது 2004இல் வெளியான ஆய்வால் தெளிந்தது. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. தொழுவத்தில் தரப்பட்ட மருந்து வானத்துப் புள்ளை வீழ்த்திற்று. இரண்டையும் இணைத்தது உணவுறவு.

பாடலுக்குள் உறவுகள்

இங்ஙனமாயின் சங்கப் பாடல்களில் சூழலியலுக்கு இடமில்லையோ எனின், உண்டு. அது பட்டியலில் இல்லை. உள்ளுறையிலும் இறைச்சியிலும் உள்ளது. தெய்வம் ஒழிந்த கருப்பொருளே உள்ளுறைக்கு நிலைக்களன் எனத் தொல்காப்பியம் கூறுவது ஈண்டு நோக்கத்தக்கது. ஓர் உயிர் மற்றோர் உயிரை உண்பது, விரட்டுவது, சார்ந்திருப்பது ஆகிய நிகழ்வுகளின்றி உள்ளுறை அமைவது அரிது.

குறுந்தொகை 25ஆம் பாடலில், களவு மணத்திற்குச் சான்றாக நின்றது ஒரு குருகு மட்டுமே எனத் தலைவி கூறுகிறாள். அக்குருகும் ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்நோக்கி நிற்கிறது. இரையின்மேல் வைத்த கண் வேறொன்றையும் காணாது. கண்டாலும் சான்று பகராது. கொன்றுண்ணியின் பொறுமையும் ஒருமுகநோக்கும் கபிலரின் பாடலில் தலைவியின் ஆதரவின்மையாக மாறுகின்றன. குருகு குறிஞ்சிக்குரியதா, ஆரல் எந்நீருக்குரியது என்று நிரல்படுத்துவதால் இப்பொருள் கிட்டாது. ஒன்று மற்றொன்றை நோக்கி நிற்கிறது என்பதே பாடலின் உயிர்.

குறுந்தொகை 3ஆம் பாடல் குறிஞ்சிப் பூவிலிருந்து பெருந்தேன் உருவாகும் நாட்டைக் கூறுகிறது. அங்கு வண்டு அல்லது தேனீ என்ற சொல்லே இல்லை. தேன் உருவாகும் செயல் மட்டும் உண்டு. அட்டவணை வரைவோர் இப்பாடலினின்று பூவையும் தேனையும் எடுத்தெழுதலாம்; தேனீயை எடுத்தெழுத இயலாது. ஆயினும் பூவுக்கும் பூச்சிக்கும் இடையேயான கூட்டுறவின்றி அப்பாடலின் நாடு இல்லை. இக்குறிஞ்சி, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரளாகப் பூக்கும் செடியாகப் பொதுவாக இனங்காணப்படுகிறது. 2006இலும் 2018இலும் அது மூணாற்றை அடுத்த இரவிகுளத்தில் பூத்தது. அரிதின் வாய்க்கும் பூவினின்று பெருந்தேன் என்பது, அளத்தற்கரிய நட்பைப் பேசும் பாடலுக்கு எத்துணைப் பொருத்தம் என்பது சொல்லாமலே விளங்கும்.

குறுந்தொகை 37இல், பிடியின் பசி களையக் களிறு யா மரத்தின் பட்டையை உரிக்கிறது. வறண்ட பருவத்தில் யானைகள் மரப்பட்டையை உரித்து உண்பது இன்றும் காணப்படுவதே. ஆனால் வளர்ந்த களிறு பெரும்பாலும் பிடிக் கூட்டத்தினின்று பிரிந்தே வாழும். பிடிக்காகப் பட்டை உரிக்கும் அன்பு தலைவனை நினைத்துத் தோழி ஏற்றியது. உரித்தல் நோக்கிக் கண்டது. அன்பு பாடலுக்கு உரியது. இரண்டையும் பிரித்துக் காண்பதே திறனாய்வாளர் கடன்.

வாளையும் மாம்பழமும்

இக்கடன் எளிதன்று என்பதற்குக் குறுந்தொகை 8ஆம் பாடல் சான்று. வயலருகே நின்ற மாமரத்தினின்று தானே உதிரும் பழத்தைப் பொய்கை வாளை கவ்வும் ஊர் அதில் பேசப்படுகிறது. நிலத்தில் விளைந்த பழமும் இலையும் பூச்சியும் நீரில் வீழ்ந்து மீனுக்கு உணவாவதும், அவ்வாறு ஒரு சூழல்மண்டலம் மற்றொன்றை ஊட்டுவதும் சூழலியலார் நன்கறிந்தவை. இப்பாடலை அதற்குப் பண்டைச் சான்றாகக் காட்ட மனம் விரையும்.

ஆயின் இன்று வாளை எனப்படும் நன்னீர் மீன் பிற மீன்களை வேட்டையாடி உண்பது. ஆலங்குடி வங்கனார் குறித்தது வேறு மீனாகலாம். அன்றி, வீழ்வதைக் கவ்வும் மீனின் இயல்பை மட்டுமே அவர் கருதியிருக்கலாம். தேடாமல் தானே வந்து வாய்க்கும் நுகர்வு என்பதே உள்ளுறைக்கு வேண்டியது. பரத்தை கூற்றுக்கு அது போதும். இங்கு உயிரியல் சான்றும் இலக்கியப் பொருளும் ஒன்றையொன்று முழுதும் தாங்கவில்லை என்பதை ஆய்வாளர் வெளிப்படையாகக் கூறவேண்டும். மறைத்து எழுதினால், விலங்கியல் துறையைச் சார்ந்த ஒருவர் வினவும் முதல் வினாவிலேயே கட்டுரை முழுதும் நம்பகம் இழக்கும்.

பாலையும் தரிசும்

திணைக் கோட்பாட்டில் இன்றைய சூழலியலுக்கு மிக அணுகி வருவது பாலை பற்றிய சிந்தனையாகும். தொல்காப்பியம் பாலைக்குத் தனிநிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் எனச் சிலப்பதிகாரம் கூறுகிறது. ஒரு நிலம் தன் நிலையினின்று மாறும்; மாற்றத்திற்குக் காரணம் உண்டு; பருவம் மீண்டால் நிலமும் மீளக்கூடும் என்ற எண்ணம் இதனுள் அடங்கியுள்ளது. பெயர்களின் ஒப்புமையைவிட இம்மாற்றக் கருத்தின் ஒப்புமை வலியது.

இதன் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. 2000 முதல் பதிப்புகளாக வெளிவரும் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்க்காடுகள் தரிசின் வகையாகவே இடம்பெறுகின்றன. நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளும் பயனற்ற நிலமெனக் கருதப்பட்டுச் சீகையும் தைலமரமும் நடப்பட்டன. குறிஞ்சிச் செடியின் வாழிடம் அதனால் சுருங்கிற்று. மரமில்லாத நிலம் வறிய நிலம் என்ற எண்ணமே இதற்கு வேர். பாலையையும் ஒரு திணையாக ஏற்று, அதற்கும் மாவும் புள்ளும் வாழ்வும் வகுத்த மரபு இவ்வெண்ணத்தை எதிர்த்து வினவும் தகுதி உடையது.

முடிவுரை

திணை சூழல்மண்டலம் அன்று. சூழல்மண்டலத்தின் முன்வடிவும் அன்று. அது உயிர்களிடையேயான உறவுகளை உற்றுநோக்கி, அவற்றை மாந்தர் அகவாழ்வைக் கூறும் மொழியாக்கிய செய்யுள் நெறி. உற்றுநோக்கல் மெய்யாக இருந்ததனாலேயே அம்மொழி இன்றும் பொருள் தருகிறது.

ஆகவே, கருப்பொருளை எண்ணுவதை விடுத்து, ஒவ்வொரு பாடலிலும் எது எதனை உண்கிறது, எது எதனைச் சார்கிறது, அவ்வுறவு பாடற்பொருளை எங்ஙனம் தாங்குகிறது என வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை காண்கையில் தமிழாசிரியர் விலங்கியலாரையும் தாவரவியலாரையும் நாடவேண்டியிருக்கும். அவ்வாறு எழுதப்படும் ஆய்வை அவர்களும் படிப்பர், அட்டவணையைப் படிக்கமாட்டார்கள்.