நிற்கும் பக்கமும் உருளும் பக்கமும்

சேற்றில் இறங்கி வரப்பேறியே காலம் போகிற கான்சாபுரத்தில், "ஜவ்வு தேஞ்சுபோச்சு, மூட்டு மாத்தணும்" என்று டாக்டர் சொன்னால் வீடே கலங்கிவிடும். உள்ளே வைக்கப்போகும் செயற்கை மூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் கலக்கம் குறைந்து வியப்பு வரும்.

தொடை எலும்பின் நுனிக்குக் கோபால்ட்-குரோமியத்தில் ஒரு கவசம். கண்ணாடி போன்ற மெருகு. பக்கவாட்டில் திருப்பினால், முன்புறம் அகன்று தொடங்கும் வளைவு பின்னே போகப்போக இறுகுகிறது. இயற்கை எலும்பின் வளைவும் இதேதான். நடுவில் முட்டுச்சில்லு ஓடும் பள்ளம். தொடைத்தசை சில்லை வெளிப்பக்கமாகவே இழுக்கும். அது நழுவாமலிருக்க நம் எலும்பில் வெளிக்கரை சற்று உயர்ந்திருக்கிறது. பல செயற்கை மூட்டுகளிலும் அந்த மேட்டை மறக்காமல் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இடது காலுக்குத் தனி, வலது காலுக்குத் தனி.

முழங்கால் வெறும் கதவுக்கீல் அல்ல. மடங்கும்போது தொடை எலும்பு நுனியின் உட்பக்கக் குமிழ் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க, வெளிப்பக்கக் குமிழ் பின்னோக்கி உருள்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர், மூலை திரும்பும்போது ஒரு பக்கம் நிலைகொண்டு மறுபக்கம் சுற்றி வருமே, அந்தக் கணக்கு. இதை அறிந்தே, சில வடிவங்களில் கீழிருக்கும் பாலிஎத்திலீன் தட்டின் உட்பக்கத்தை ஆழ்ந்த கிண்ணமாகவும் வெளிப்பக்கத்தை ஆழமில்லாமலும் செதுக்குகிறார்கள்.

இன்றைய வடிவங்களின் முன்னோடி 1974இல் நியூயார்க்கில் இன்சால், வாக்கர், ரணாவத் ஆகியோர் உருவாக்கியது. ரணாவத் மத்தியப் பிரதேசத்துக்காரர். 2000இல் மும்பையில் வாஜ்பாயின் முழங்காலுக்கு அறுவை செய்தவர். அந்த 1974 மூட்டைப் பொருத்த, முழங்காலின் நடுவிலுள்ள இரண்டு குறுக்குத் தசைநார்களையும் எடுத்துவிட வேண்டியிருந்தது. 1978இல் இன்சாலும் பர்ஸ்டீனும் தட்டின் நடுவே ஒரு முளையை நிறுத்தினார்கள். கால் மடங்கும்போது மேலிருக்கும் உலோகக் குறுக்குத்தண்டு முளையில் முட்ட, தொடை எலும்பு பின்னே உருள்கிறது. பின்புறத் தசைநார் செய்த வேலை அது. பார்வைக்குத் துளியும் தசைநார் போலில்லை. வேலையில் அதன் வாரிசு. எனக்கு மிகப் பிடித்த நுட்பம் இதுதான்.

அறுவை செய்பவர் கையிலும் நயமுண்டு. கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு இயல்பாகவே சுமார் 3 பாகை உட்பக்கம் சாய்ந்தது. அதை நேராக வெட்டினால், ஈடாகத் தொடைக் கவசத்தை 3 பாகை வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். மடக்கும்போது இருபுறத் தசைநார்களின் இறுக்கம் ஒத்துப்போவது அந்தத் திருப்பத்தால்தான்.

2017இல் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்து, கோபால்ட்-குரோமிய மூட்டை வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்குக் கொண்டுவந்தது பெரிய ஆறுதல். இனி வேண்டியது மடக்கம். மாற்று மூட்டு பெரும்பாலும் 120 பாகையோடு நின்றுவிடுகிறது. குத்தவைத்து உட்கார அதற்கு மேலும் வேண்டும். தரையில் உட்கார்ந்து எழும் நம் ஊர்க் கால்களை அளந்து அந்த மிச்சத்தையும் கொடுத்துவிட்டால், பொருத்தம் முழுப் பொருத்தம்.